இருக்கும் முடிக்குத்தான் வைத்தியம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு கொஞ்சம் நீளும். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர் தலை ஒரு மாதத்துக்குள் கறுத்துவிடுகிறது. அதில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சவரக்கத்தி எடுத்தது தோலுக்கு வெளியே நீண்டிருந்த முடியை மட்டும்தான். அதை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது. கத்திக்கு அது எட்டாது.

அந்த மயிர்க்காலே அழிந்து, அங்கே தழும்பு விழுந்து மூடிக்கொண்டால்? முடி திரும்ப வராது. மொட்டை போட்டாலும் வராது, எண்ணெயை மாற்றினாலும் வராது. இப்படி மயிர்க்காலை அழித்துத் தழும்பாக்கும் நோய்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. மருத்துவர் சீட்டில் ‘சிகாட்ரிஷியல் அலோபீசியா’ என்றோ ‘ஸ்காரிங் அலோபீசியா’ என்றோ எழுதியிருப்பார். நாம் தழும்பு வழுக்கை என்று சொல்லிக்கொள்வோம்.

தழும்பு என்றதும் வெட்டுக்காயமும் தீப்புண்ணும்தான் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பாலும் வெளியே காயமே தெரியாது. உள்ளே மயிர்க்காலைச் சுற்றி அழற்சி நடக்கும். அது ஓய்ந்த இடத்தில் நார்த்திசு நிரம்பிவிடும். கண்ணாடியில் தெரிவது வழவழப்பான ஒரு திட்டு. வீட்டில் அதற்குப் ‘புழுவெட்டு’ என்று பெயர் வைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கத் தொடங்குவார்கள். அதிலேயே சில மாதங்கள் ஓடிவிடும்.

இந்த நோயில் மாதங்கள் ஓடுவதுதான் பெரிய நட்டம். தழும்பாகிவிட்ட மயிர்க்காலை உயிர்ப்பிக்க இன்றுவரை மருந்து இல்லை. அழற்சி இன்னும் எட்டாத மயிர்க்கால்களையும், எட்டியும் அழியாமல் இருப்பவற்றையும் காப்பாற்ற மருந்து உண்டு. அதாவது, போன முடிக்கு வைத்தியம் கிடையாது. இருக்கும் முடிக்குத்தான் வைத்தியம். எங்கே பரிசோதனைத் துண்டு எடுக்கிறார்கள், எதைப் பலன் என்கிறார்கள், முடி நடவு ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

மயிர்க்காலின் நடுப்பகுதி

மயிர்க்கால் தோலின் மேற்பரப்பிலிருந்து கீழே கொழுப்பு அடுக்குவரை சாய்வாக இறங்கும் ஒரு மெல்லிய குழாய். அடியில் குமிழ் போன்ற பகுதி; முடி அங்கேதான் வளர்கிறது. மேலே வரும் வழியில், எண்ணெய்ச் சுரப்பி வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்தும் சிறு தசை ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. 1990-ல் ஜார்ஜ் காட்சரேலிஸ், துங்-தியென் சன், ராபர்ட் லாவ்கர் ஆகிய மூவரும் எலிகளின் தோலை ஆராய்ந்து, மயிர்க்காலின் ஸ்டெம் செல்கள் இந்தப் புடைப்பில்தான் தங்கியிருக்கின்றன என்று காட்டினார்கள். அதுவரை எல்லாரும் அடிக்குமிழையே தலைமையிடமாக நினைத்திருந்தார்கள்.

தலையில் ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம்வரை வளர்ந்து, ஓய்ந்து, உதிர்கிறது. அதே இடத்தில் அடுத்த முடியைத் தொடங்கிவைப்பவை புடைப்பில் இருக்கும் இந்தச் செல்கள். கோடையில் வற்றிய கிணறு மழை பெய்தால் ஊறும். ஊற்றுக்கண்ணே அடைபட்டுப் போனால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. இந்தப் புடைப்புதான் ஊற்றுக்கண்.

உண்மையான புழுவெட்டில், அதாவது அலோபீசியா ஏரியாட்டாவில், நோயெதிர்ப்பு அணுக்கள் அடிக்குமிழைச் சுற்றித் தாக்குகின்றன. முடி கொத்தாகக் கொட்டும். ஆனால் மேலே இருக்கும் புடைப்பு தப்பித்துவிடுகிறது. அதனால்தான் புழுவெட்டில் பல மாதம் கழித்தும், சிலருக்குச் சில வருடம் கழித்தும்கூட முடி முளைக்கிறது. வெங்காயம் தேய்த்து வந்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தேய்க்காமலே வந்திருக்கும். தழும்பு வழுக்கையில் அழற்சி நேராகப் புடைப்பையும் எண்ணெய்ச் சுரப்பியையும் தாக்குகிறது. அங்கே இருக்கும் செல்கள் தீர்ந்துபோனால் அந்த மயிர்க்காலின் கதை முடிந்தது.

துளை இருக்கிறதா?

“எனக்குக்கூடத்தான் சீப்பு நிறைய முடி வருது, அப்போ இதுதானா?” என்று பயந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கைநிறையக் கொட்டினால், அதுவும் பெரும்பாலும் தானாக நின்று முளைக்கும். நெற்றியோரமும் உச்சியும் மெதுவாக மெலிந்துகொண்டே போகும் பரம்பரை வழுக்கை வேறு வகை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: முடி போன இடத்திலும் மயிர்க்காலின் வாய், அந்த ஊசிமுனைத் துளை, தோலில் தெரியும்.

தழும்பு வழுக்கையில் அந்தத் துளைகள் காணாமல் போய்விடும். நல்ல வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரை விட்டு, செல்போன் கேமராவை நெருக்கமாகப் பிடித்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் துளையே இல்லாமல் பளபளவென்று தோல் தெரிகிறதா என்று கவனியுங்கள். சில வகைகளில் ஓரத்தில் ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடிகள் பொம்மைத் தலையில் நட்டதுபோலக் கொத்தாக வெளியே வரும். அதுவும் சந்தேகத்துக்குரிய அடையாளம்.

அடுத்தது உணர்வு. உச்சந்தலையில் ஓர் இடம் மட்டும் மாதக்கணக்கில் அரிக்கிறது, எரிகிறது, தொட்டால் வலிக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். நோயாளிகள் விரல்வைத்துக் காட்டும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் நோய் உயிரோடு இருக்கிறது. ஆனால் அரிப்போ வலியோ துளியும் இல்லாமல் முன்னேறும் வகைகளும் உண்டு. வலி இல்லை என்பது நிம்மதிக்குச் சான்றாகாது.

மூன்றாவது செதில். இதைப் பொடுகு என்று நினைத்து ஷாம்பூ மேல் ஷாம்பூவாக மாற்றுகிறவர்கள் ஏராளம். பொடுகுச் செதில் தலை முழுக்க, முடிகளுக்கு இடையிலும் பரவிக் கிடக்கும். சீவினால் தோளில் கொட்டும். இந்த நோய்களில் செதில் ஒவ்வொரு முடியின் அடியையும் வளையமாகச் சுற்றிப் பிடித்திருக்கும். ஆங்கிலப் பாடநூல்கள் அதோடு சிவப்பும் தெரியும் என்று எழுதும். நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. ஊதாவாகவோ, பழுப்பாகவோ, சாம்பல் கலந்த கறுப்பாகவோதான் தெரியும். சிவக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

கூட்டத்தில் யார் யார்

இந்த நோய்களை வகைப்படுத்த 2001-ல் வட அமெரிக்க முடி ஆராய்ச்சிக் கழகம் நிபுணர்களைக் கூட்டியது. மயிர்க்காலைச் சூழும் ரத்த வெள்ளை அணு எது என்பதை அவர்கள் அடிப்படையாக வைத்தார்கள். லிம்போசைட் சூழ்ந்தால் ஒரு பிரிவு, நியூட்ரோபில் சூழ்ந்தால் இன்னொரு பிரிவு, இரண்டும் கலந்தால் மூன்றாவது. ஏடுகளுக்கான பிரிவினை மாதிரித் தோன்றினாலும், எந்த மருந்து கொடுப்பது என்பதை இதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

லிம்போசைட் பிரிவில் நம் ஊர் தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்தது டிஸ்காய்டு லூபஸ். திட்டின் நடுவே நிறம் வெளுத்து, ஓரம் கறுத்து, செதிலும் அடைத்த துளைகளுமாக இருக்கும். நடு வெளுப்பைப் பார்த்து வெண்புள்ளி என்று தவறாக நினைப்பதும் உண்டு. மருத்துவர் தலையைப் பார்த்துவிட்டு உடனே காதை மடித்து உட்குழிவைப் பார்ப்பார்; லூபஸ் அங்கேயும் அடையாளம் வைக்கும். வெயில் இதைக் கிளறிவிடும். சிலருக்கு உடம்பின் உள்ளுறுப்புகளையும் தாக்கும் லூபஸாக மாறக்கூடும் என்பதால் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்பார்கள். நல்ல செய்தியும் உண்டு: இந்தக் கூட்டத்தில், ஆரம்பத்திலேயே பிடித்தால் கொட்டிய முடியில் ஒரு பகுதி திரும்பவும் வரக்கூடியது இதுதான்.

அடுத்தது லைக்கன் பிளானோபைலாரிஸ். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு உச்சியில் தொடங்கும். அரிப்பும் எரிச்சலும், முடியடியில் வளையச் செதிலும் இதன் முத்திரை. இதன் உறவுதான் ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. 1994-ல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கொஸார்ட், மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் கண்டு இதை முதலில் எழுதினார். நெற்றிமுடி கோடு ஒரே சீராகப் பின்வாங்கும், புருவமும் உதிரும். பின்வாங்கிய பட்டையில் ஒன்றிரண்டு முடி மட்டும் தனியாக நிற்கும். முன்பு முடிக்கோடு எங்கே இருந்தது என்று தெரியவில்லையா? புருவத்தை உயர்த்தினால் நெற்றிச் சுருக்கம் எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. நிறம் அடர்ந்த தோலில் முகத்தில் சாம்பல் கலந்த கருமை படர்வதும் இதோடு சேர்ந்து வரலாம். முகம் கறுக்கிறதே என்று வெளுக்கும் க்ரீம் வாங்கப் போகிறவர், புருவத்தையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது.

நியூட்ரோபில் பிரிவில் ஃபாலிகுலைட்டிஸ் டிகால்வன்ஸ் முக்கியமானது. சீழ்க்கொப்புளம், பொருக்கு, கொத்துமுடி எல்லாம் இதில்தான். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலரிடம் கிடைக்கிறது. டிஸெக்டிங் செல்லுலைட்டிஸ் பெரும்பாலும் இளைஞர்களுக்கு வரும். தலையில் மெத்தென்ற கட்டிகள் எழும்பி, தோலுக்கடியில் ஒன்றோடொன்று சுரங்கம்போல் இணைந்து சீழ் வடியும்.

கலப்புப் பிரிவில் வருவது ஆக்னி கெலாய்டாலிஸ். பின்கழுத்து முடியோரத்தில் கொட்டைக் கொட்டையாகப் பருக்கள் வந்து, கெட்டித் தழும்பாகும். ஆண்களே அதிகம். சலூனில் பின்கழுத்தை ரேசரால் ஒட்டச் சிரைப்பதும், சட்டைக் காலரும் ஹெல்மெட்டும் உரசுவதும் இதை வளர்க்கும். ரேசர் வேண்டாம், மெஷினிலும் ஒட்ட வெட்டாதீர்கள் என்று முடிதிருத்துபவரிடம் சொல்வதே இதற்கான சிகிச்சையின் முதல் படி.

இவை எல்லாவற்றிலும் நோயின் குறியே மயிர்க்கால்தான். வேறொன்றுக்கு நடுவில் மயிர்க்கால் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு: தீப்புண், கதிர்வீச்சு, ஆழமான பூஞ்சைத் தொற்று. குழந்தையின் தலையில் சொதசொதவென்று வீங்கிச் சீழ் கோத்த கட்டி வந்தால், அது கீரியான் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாதாரணச் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டால் பயனில்லை. வாரக்கணக்கில் பூஞ்சை மாத்திரை கொடுக்க வேண்டும். தாமதமானால் அந்த இடம் நிரந்தர வழுக்கையாகலாம். வருடக்கணக்கில் முடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதும் அப்படித்தான். ஓரமுடி மெலியத் தொடங்கியதும் தளர்த்தினால் திரும்பும். விடாமல் இழுத்தால் கடைசியில் அங்கேயும் தழும்பே மிஞ்சும்.

பழி யார் மேல்

முடி கொட்டினால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி போர்வெல் உப்புத் தண்ணீர். அடுத்தது ஷாம்பூ. அதற்கும் அடுத்து, எண்ணெய் வைக்காத அந்தப் பெண். அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் பலருக்கு உச்சியில் தொடங்கி வட்டமாக விரியும் ஒரு தழும்பு வழுக்கை வரும். 1968-ல் லோப்ரெஸ்டியும் கூட்டாளிகளும் அதற்கு ‘ஹாட் கோம்ப் அலோபீசியா’ என்று பெயர் வைத்தார்கள். முடியை நேராக்கச் சூடான சீப்பைப் பயன்படுத்துவதால் வருகிறது என்பது அவர்கள் கணிப்பு. சூட்டுச் சீப்பைத் தொடாத பெண்களுக்கும் வந்ததால் அந்தப் பெயர் பிறகு கைவிடப்பட்டது. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் பி.ஏ.டி.ஐ.3 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. முடித்தண்டு சரியாக உருவாக உதவும் மரபணு அது. சூடும் இழுப்பும் நோயை மோசமாக்கலாம். ஆனால் அலங்காரம் செய்துகொண்டதற்குக் கிடைத்த தண்டனை என்று அந்தப் பெண்கள் இத்தனை காலம் கேட்ட பேச்சுக்கு அடிப்படை ஆட்டம் கண்டுவிட்டது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். லூபஸும் லைக்கனும் உடம்பின் நோயெதிர்ப்பு ஒழுங்கு பிசகுவதால் வருபவை. இவை தொற்றாது, சீப்பு, தலையணை மூலம் பரவாது. உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், மயிர்க்காலைத் தழும்பாக்காது. எண்ணெய் வைக்காததால் யாருக்கும் தழும்பு வழுக்கை வந்ததில்லை.

தலையில் ஒரு சின்னத் துண்டு

தோல் மருத்துவர் முதலில் டெர்மாஸ்கோப் என்ற வெளிச்சமுள்ள உருப்பெருக்கியைத் தலையில் வைத்துப் பார்ப்பார். துளை இருக்கிறதா, செதில் எப்படிப் பிடித்திருக்கிறது, ரத்தக்குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியும். ஓரத்தில் இருக்கும் முடியை மெதுவாக இழுத்தும் பார்ப்பார். நோய் தீவிரமாக இருந்தால், இன்னும் வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய முடிகூட வேரோடு வந்துவிடும். நெற்றிமுடி பின்வாங்கும் வகை போன்ற சிலவற்றை இந்த அளவிலேயே உறுதியாகச் சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி.

பயாப்ஸி என்றதும் “அய்யோ, கேன்சரா?” என்று கேட்காதவர் குறைவு. இங்கே அது வெறும் அடையாளம் காணும் சோதனை. எந்த அணு, எந்த மட்டத்தில், எவ்வளவு அழித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேறு வழி இல்லை. மரத்துப்போக ஊசி போடுவார்கள். அது சுருக்கென்று வலிக்கும். தலையில் ரத்தம் அதிகம் கசியும் என்பதால், குழாய்களைச் சுருக்கும் மருந்தும் அந்த ஊசியில் சேர்த்து, சில நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பஞ்ச் என்ற கருவியை முடியின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்து, கொழுப்பு அடுக்குவரை இறக்கி எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல், சுமார் பத்து நாளில் பிரித்துவிடலாம்.

துண்டு எடுக்கும் இடம்தான் இதில் உயிர்நாடி. நோயாளி எப்போதும் நடு வழுக்கையைக் காட்டுவார். அங்கே எடுத்தால் வெறும் தழும்புதான் கிடைக்கும். எந்த நோய் வந்து போனது என்று அதில் எழுதியிருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக் விவரித்த ‘சூடோபெலேட்’ என்ற வகையைக்கூட, இன்று பலர் தனி நோயாக எண்ணுவதில்லை. பல நோய்கள் எரிந்து அடங்கியபின் எஞ்சும் ஒரே மாதிரியான கடைசிக் கோலம் என்று கருதுகிறார்கள். அதனால் துண்டை விளிம்பில், முடி இன்னும் நிற்கிற, அரிப்பும் செதிலும் உள்ள இடத்தில் எடுக்க வேண்டும்.

இரண்டு துண்டு எடுப்பது நல்லது. ஒன்றை வழக்கம்போல் நெடுக்காக வெட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்றைக் குறுக்காக. 1984-ல் அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் ஜான் ஹெடிங்டன் இந்தக் குறுக்கு வெட்டுமுறையைப் பரவலாக்கினார். நெடுக்கு வெட்டில் சில மயிர்க்கால்கள் மட்டுமே அகப்படும். குறுக்கு வெட்டில் அந்தத் துண்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எண்ணலாம். லூபஸ் சந்தேகம் இருந்தால் இம்யூனோஃப்ளோரசென்ஸ் சோதனைக்கும் ஒரு துண்டு போகும். அதை வழக்கமான ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும். தனித் திரவத்தில்தான் அனுப்ப வேண்டும். சீழ் இருந்தால் கல்ச்சரும், பூஞ்சை சந்தேகம் இருந்தால் முடியையும் செதிலையும் எடுத்துச் சோதனையும் செய்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை வாரக்கணக்கில் பூசிக்கொண்டு போனால், அழற்சி அமுங்கிப்போய்த் துண்டில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எதைப் பூசினீர்கள், எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

மருந்துகள், கவனங்கள்

லிம்போசைட் பிரிவில் முதல் கட்டம் வீரியமான ஸ்டீராய்டு. குளோபெடசால் லோஷனாகத் தடவலாம். டிரையாம்சினலோன் மருந்தை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறையோ சற்று இடைவெளி விட்டோ, விளிம்பில் சிறு சிறு ஊசிகளாகப் போடலாம். ஊசி அதிகமானால் தோல் குழிவிழும். எனவே அளவும் இடைவெளியும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

நோய் ஓடிக்கொண்டிருந்தால் மாத்திரை தேவைப்படும். பலருக்கு முதலில் எழுதப்படுவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். கொரோனா காலத்தில் வேறு காரணத்துக்காகப் பெயர் அடிபட்ட அதே மாத்திரை. அளவு உடல் எடைக்கு ஏற்ப: ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு உச்ச வரம்பு 250 மில்லிகிராம். நீண்டகாலம் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அதனால் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் முன்பே தொடங்க வேண்டும். இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. மூன்று வாரத்தில் “கேட்கவில்லை” என்று நிறுத்திவிடக் கூடாது. ஆறு மாதம் கொடுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

டாக்ஸிசைக்ளின் இங்கே கிருமியைக் கொல்வதற்காக மட்டும் தரப்படுவதில்லை. அழற்சியைத் தணிக்கவும் உதவும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயில் உறைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இவை போதாதபோது மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட், சைக்ளோஸ்போரின் போன்றவை வரும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டுமே எடுக்கும் மாத்திரை. தினமும் விழுங்கி உயிருக்கு ஆபத்து வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். நெற்றிமுடி பின்வாங்கும் வகைக்கு ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு பலருக்குப் பலன் தருகின்றன. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அவை கூடாது.

சீழ் வைக்கும் பிரிவுக்கு ஆன்ட்டிபயாட்டிக்தான் முதல். ஃபாலிகுலைட்டிஸ் டிகால்வன்ஸுக்கு ரிஃபாம்பிசினையும் கிளிண்டாமைசினையும் சேர்த்துப் பத்து வாரம் கொடுப்பது வெளிநாட்டுப் புத்தகங்களில் புகழ்பெற்ற முறை. இங்கே மருத்துவர்கள் அதற்குத் தயங்குவதில் நியாயம் உண்டு. ரிஃபாம்பிசின் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் முதல்வரிசை மருந்து. கண்டபடி கொடுத்தால் அந்தக் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். டிஸெக்டிங் செல்லுலைட்டிஸுக்கு ஐசோட்ரெட்டினாயின் உதவும். கர்ப்பத்தில் அது சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குக் கொடுக்கும்போது கண்டிப்பான எச்சரிக்கை தேவை.

மினாக்ஸிடில் பற்றிக் கேட்பீர்கள். அது இந்த நோயை நிறுத்தாது. உயிரோடு இருக்கும் மயிர்க்கால்களின் முடியைத் தடிப்பாக்கித் திட்டை மறைக்க உதவலாம். துணை மருந்து, அவ்வளவுதான். வீட்டு வைத்தியத்தில் தேங்காய் எண்ணெய் போன்றவற்றை மெதுவாகத் தடவுவதில் பெரிய தீங்கில்லை. எரிகிற தலையில் வெங்காயச் சாறும் எலுமிச்சையும் தேய்ப்பது எரிகிற வீட்டுக்கு விறகு தள்ளும் வேலை. லூபஸ் உள்ளவர்கள் குடையையும் சேலைத் தலைப்பையும் தொப்பியையும் மருந்தின் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும்.

பலன் என்றால் எது

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட ஒருவர், “ஒரு முடிகூட முளைக்கவில்லை” என்று மனம் நொந்து வருகிறார். மருத்துவர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்கிறார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். திட்டு வளரவில்லை, அரிப்பு நின்றது, விளிம்பில் செதில் இல்லை, இழுத்தால் முடி வரவில்லை: இந்த நோயில் வெற்றி என்பது இதுதான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிப் புரியவைக்காத இடங்களில்தான், நோயாளி பாதியில் மருந்தை விட்டுவிட்டு, முடி முளைக்க வைப்பதாக விளம்பரம் செய்யும் அடுத்த கடையைத் தேடிப் போகிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே வகிடெடுத்து, ஒரே தூரத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. நோய் அடங்கிய பிறகும் மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பார்கள். சில வருடம் கழித்துத் திரும்ப எட்டிப் பார்ப்பதும் உண்டு. அரிப்பு மீண்டும் தொடங்கினால் அதுவே முதல் தகவல்.

முடி நடவுக்கு அவசரம் வேண்டாம். நோய் ஒன்றிரண்டு வருடமாவது மருந்தின் உதவி இல்லாமல் அடங்கியிருந்தால்தான் அந்தப் பேச்சே. அப்போதும் தழும்புத் தோலில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நட்டதெல்லாம் பிடிக்காது. அறுவையே நோயைத் தட்டி எழுப்பவும் கூடும். பயாப்ஸி பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மறைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. வகிடை மாற்றலாம், முடியடியில் தூவும் நிறநார்த் தூள் இருக்கிறது, விக் இருக்கிறது. சவுரி வைப்பவர்கள் மட்டும் கனமான சவுரியை மெலிந்த முடியில் இறுக்கிக் கட்டாதீர்கள். மிச்சமிருப்பதையும் அது இழுத்துவிடும். கல்யாணம் பேசும் வீட்டில் தலையில் ஒரு திட்டு எவ்வளவு பெரிதாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மனம் ஒடிந்துபோனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் நோயின் பங்குதான்.

டீ தீர்ந்துவிட்டது, மருத்துவரிடம் போகும் நாளுக்கான குறிப்புகளோடு எழுந்திருப்போம். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், நிறத்தூளும் வேண்டாம். பழைய புகைப்படங்கள், சாப்பிடும் மாத்திரைகள், பூசிய களிம்பின் டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழுக்கையின் நடுவைக் காட்டாமல், எங்கே அரிக்கிறதோ அந்த விளிம்பைக் காட்டுங்கள். “முடி எப்போ வரும்?” என்ற கேள்வி நாக்கு நுனியில் நிற்கும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, “நோய் இன்னும் ஓடுதா, நின்னுடுச்சா?” என்று முதலில் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலில்தான் உங்கள் தலையில் இன்று இருக்கும் முடியின் எதிர்காலம் இருக்கிறது.